பெட்டியின் தலைமாடு

என் மகனுடைய முகத்தை எனக்குக் காட்டாமல்தான் அவனை அடக்கினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த ஊரில் என்னைப் பற்றிக் கதைக்கிறவர்கள், நான் ஒருவரையும் நம்பமாட்டாதவள், பொல்லாத சந்தேகக்காரி என்று சொல்வார்கள். சொல்லட்டும். பெற்ற பிள்ளையைப் பலகைக்குள் வைத்து மூடி, சீல் வைத்து, "இதுதான் உங்கட மகன், திறக்க ஏலாது" என்று கொண்டுவந்து இறக்கினால் எந்தத் தாய் அப்படியே நம்புவாள்? நம்புகிறவள் ஒருத்தி இருந்தால் அவளை எனக்குக் காட்டுங்கள்.

நான் கிண்ணியாவில் பிறந்து, கிண்ணியாவிலேயே வாழ்க்கைப்பட்டு, இன்றைக்கும் அதே வளவில் இருக்கிறவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. என்னைக் கட்டின மாப்பிள்ளை திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மகனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவர் மௌத்தாகிவிட்டார். எங்களுக்கு அந்த ஒரு பிள்ளைதான். வாப்பாவின் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள் என்று அவன் பதினைந்து வயதில் துறைமுகத்துக்குப் போனான். அங்கே சிங்களம் பிடித்துக்கொண்டான். எப்படிப் பிடித்தான் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அனுராதபுரத்துப் பிள்ளை கதைக்கிறது என்று நினைப்பீர்கள்.

இருபது வயதில் ஒருநாள் பின்னேரம் வந்து கதிரையில் இருந்தான். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

"உம்மா, ஆமிக்கு எடுபட்டுட்டன்."

"ஆரட்டக் கேட்டுப் போன நீ?"

"ஆரட்டயும் கேட்டா விடுவாங்களா?"

"அங்க ஒன்ன நம்புவாங்களாடா?"

"நம்ப வைக்கிறதுதானே உம்மா வேல."

அந்த வருடங்களில் எங்கள் ஊர் ஆட்கள் வயலுக்குப் போனால் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. தம்பலகாமத்துப் பக்கமும் அப்படித்தான், மூதூர்ப் பக்கமும் அப்படித்தான். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் எல்லோர் மேலும் பயம். என் மகனோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவன் காணாமல் போனான். அதற்குப் பிறகுதான் இவன் மனது மாறியது என்று நினைக்கிறேன். அவன் என்னிடம் காரணம் சொல்லவில்லை, நானும் தோண்டிக் கேட்கவில்லை. அவனிடம் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆமிக்காரனின் தாய் என்றானதும் கிணற்றடியில் நான் போனால் கதை நின்றுவிடும். வாளி இறங்குகிற சத்தம் மட்டும் கேட்கும். என்னிடம் சொன்னது எங்கே போய்ச் சேருமோ என்று அவர்களுக்குப் பயம். சந்தைக்கு வருகிற முகம் தெரியாத ஆட்கள் என் வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பயம். அவனுடைய உடுப்புப் போட்ட படத்தை அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தேன். துறையடியில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும்போது "என்ட மகனும் ஆமிதான்" என்று சொல்ல வாய் வரும். சொன்னால் பின்னால் நிற்கிறவர்கள் கேட்பார்கள். சொல்லாமல் பையைத் திறந்து காட்டிவிட்டு வருவேன்.

அவனை முதலில் சோதனைச் சாவடிகளில்தான் விட்டார்கள், இரண்டு பாஷையும் தெரியும் என்பதால். விடுமுறையில் வந்தபோது சொல்லிச் சிரித்தான்.

"ஒரு கிழவி வருது உம்மா, கிழங்கு மூட்டையோட. ஆமி சிங்களத்தில கேக்குது. கிழவி தமிழில அழுகுது. நடுவுல நான். கடைசியில பாத்தா ரெண்டு பேரும் சேர்ந்து என்னத்தான் சந்தேகமாப் பாக்காங்க."

"நீ என்ன செஞ்ச?"

"கிழங்க வாங்கினன். வேறென்ன செய்ற?"

பிறகு வடக்கே அனுப்பினார்கள். முன்னணிக் காவலரண் என்றான். அங்கேயிருந்து கடிதம் எழுதுவான். எனக்கு வாசிக்கச் சுணங்கும் என்று ஒவ்வொரு எழுத்தும் கடலை அளவில் இருக்கும், ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வரும். நான் கீரிமீன் கருவாட்டைப் பொரித்து, செத்தல் மிளகாயோடு இடித்துச் சம்பலாக்கிப் போத்தலில் அடைத்துக் கொடுத்தனுப்புவேன். "சம்பல் முடிஞ்சி, எனக்கு ரெண்டு கரண்டிதான் கிடைச்சி" என்று எழுதுவான். ஆனால் அந்தக் கடித உறைகளில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்டியிருந்த இடம் தடித்திருக்கும். ஒரு தடவை ஒட்டினது அப்படி இருக்காது. யாரோ பிரித்து, வாசித்து, திரும்ப ஒட்டியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். என் தம்பி, "ஒங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு சந்தேகம் ராத்தா" என்று சிரித்தான்.

நாலு வருடம் அப்படிப் போனது. ஐந்தாவது வருடம் பெட்டி வந்தது.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. வாகனங்கள் மிதவையில்தான் கடல்வாயைக் கடக்கும், நாங்கள் அதைப் பாதை என்போம். அந்தப் பாதையில் ஒரு ஆமி லொறி வந்து இறங்கியது. பெட்டியின் மேலே கொடி, கொடியின் மேலே தொப்பி. என் வீட்டு மண்டபத்தில் பத்து நிமிடம் வைத்தார்கள். நான் இரண்டு கையையும் பலகையில் வைத்து அழுத்தினேன். "திறங்க" என்றேன். அதிகாரி என்னவோ சொன்னார். கூட வந்தவர் தமிழில், "ஓடர் இல்ல அம்மா" என்றார்.

"முகத்த மட்டும் காட்டுங்க."

"ஓடர் இல்ல அம்மா."

பெட்டிக்குள்ளே வாழைக்குற்றி வைத்து அனுப்புகிறார்கள் என்று அந்த நாளில் ஊர் ஊராக ஒரு கதை இருந்தது. நான் குனிந்து பலகையில் தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். மரம் மரம் மாதிரித்தான் கேட்டது. அதில் என்ன தெரியும்?

எங்களில் மையித்தைக் குளிப்பாட்டி, கபன் உடுத்தி, தொழுவித்து, குழியில் தலையை வடக்கே வைத்து, வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். அப்போதுதான் முகம் மேற்கே, மக்கா இருக்கிற கிப்லாத் திசையைப் பார்க்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. என் மகனுக்குக் குளிப்பும் இல்லை, கபனும் இல்லை. பெட்டியோடு தொழுவித்து, பெட்டியோடு அடக்குவது என்று பள்ளிவாசலில் முடிவெடுத்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் அடக்குகிற மையவாடிக்குப் போவதில்லை. என் தம்பிதான் போனான், அவன்தான் முன்னுக்கு நின்று தூக்கினவன். இருட்டுகிற நேரம் உடுத்த சாரத்தில் மண்ணோடு வந்தான்.

"எல்லாம் மொறப்படி நடந்திச்சி ராத்தா" என்றான்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கால் கழுவினான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மகனுக்குக் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கிற நாளில் என் தம்பிக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். ஒரு வருடம் தோப்பூரில் நெல் வாங்கப் போவான். ஒரு வருடம் காய்ச்சல். வேறு எல்லா நாளும் வருகிறவன், அந்த ஒரு நாள் மட்டும் வரமாட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ஒரு வருடத்தையும் மறக்கவில்லை. பெட்டிக்குள் என் பிள்ளை இருந்தானா, இருந்தால் மண்ணுக்குள் எப்படிக் கிடக்கிறான் என்கிற இந்த இரண்டு கேள்வியோடும் இருபது வருடத்துக்கு மேல் நான் சாப்பிட்டேன், தொழுதேன், நித்திரை கொண்டேன்.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு ஆள் என் வேலிக் கடப்படியில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் இழுத்து நடக்கிற கால். சிங்கள முகம்.

"உம்மா, உள்ள வரலாமா?" என்றார்.

உம்மா என்றதும் எனக்கு உடம்பெல்லாம் கண்ணானது. சிங்கள ஆள் எதற்கு என்னை உம்மா என்கிறான்? காணி பார்க்க வந்தவனா, பொலிஸா?

"ஆரு நீங்க?"

"ஒங்கட மகனோட ஒரே பங்கர்ல இரிந்தனான். நாலு வருசம்."

"இரிந்தனான்" என்கிறார். எங்கள் ஊர் ஆள் சொல்கிற மாதிரியே சொல்கிறார். தமிழ் படித்த சிங்களவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைப்பார்கள். இந்த ஆள் கிண்ணியாச் சந்தையில் மீன் விற்கிறவன் மாதிரிக் கதைக்கிறார். என் சந்தேகம் கூடித்தான் போனது.

"இந்தத் தமிழ ஆரு படிப்பிச்ச?"

"அவன்தான். பொழுது போகாட்டி எனக்குத் தமிழ். அவனுக்கு நான் கித்துள் பாணி காய்ச்சுற கதை சொல்லுவன்." பிறகு கொஞ்சம் சிரித்தார். "ஒங்கட சம்பல்ல பாதிக்கு மேல நான்தான் திண்டனான் உம்மா."

கதிரையைக் காட்டினேன். தேத்தண்ணி கொடுக்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும்.

"அவன்ட மையித்த நீங்க கண்டீங்களா?"

"நான்தான் உம்மா தூக்கிட்டு வந்த. ஷெல் துண்டு நெஞ்சில பட்டது. முகத்தில ஒண்டும் இல்ல. பெட்டியில வைக்கக்குள்ளயும் நான் நிண்ட, லொறியிலயும் கூட வந்த. மூண்டு நாளாப் போச்சி, வெயில், அதால திறக்கப்படாது எண்டாங்க."

யாரும் சொல்லலாம் இதை. நான் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"இடக் காதுக்குப் பின்னால அந்தத் தழும்பு அப்பவும் இரிந்திச்சா?"

அவர் கையைத் தூக்கித் தன் தலையில் தடவிப் பார்த்தார், தன்னுடைய தழும்பைத் தேடுகிற மாதிரி.

"இடக் காது இல்லயே உம்மா. வலக் காது. தோணி விளிம்பு அடிச்சது எண்டு சொன்னான்."

வலக் காதுதான். ஏழு வயதில் அவன் வாப்பாவோடு தோணியில் ஏறும்போது அடிபட்டது. முடிக்குள் மறைந்து கிடக்கிற தழும்பு, நானும் வாப்பாவும் தவிர யாருக்கும் தெரியாது. நான் எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டேன். சீனியை இரண்டு தடவை போட்டுவிட்டேன். பெட்டிக்குள் வாழைக்குற்றி இல்லை. என் பிள்ளைதான் வந்திருக்கிறான்.

அவர் தேத்தண்ணியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"இன்னொண்டு இரிக்கி உம்மா. அதச் சொல்லத்தான் வந்த. இவ்வளவு வருசம் வர ஏலாமப் போனதும் அதாலதான். மொதல் வருசம் அவனப் பாத்துக்கொள்ளச் சொல்லி எனக்குச் சொல்லியிருந்தாங்க. தமிழ் பேசுற ஆள், ஆரோட கதைக்கான், என்ன எழுதுறான் எண்டு. அவன் தாற கடிதத்த நான் கொண்டு போய் ஒரு பெரிய ஆள்ட்டக் குடுப்பன். அவங்க பிரிச்சுப் பாத்துட்டுத் தருவாங்க. நான் ஒட்டிப் போடுவன்."

"எதால ஒட்டின?"

"சோத்துப் பருக்கையால."

என் சம்பலைத் தின்றவன், என் பிள்ளையின் கடிதத்தை ஒட்டினவன். அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நான் அப்போதே சொன்னேனே என்கிற ஒரு திமிர்தான் வந்தது. கோபம் அதற்குப் பின்னால் வந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டாம் மாசமே கண்டுபுடிச்சிட்டான். 'எழுத்தப் பெருசாத்தானே எழுதுறன், வாசிக்கக் கஷ்டப்படுறாங்களா?' எண்டு கேட்டான். எனக்கு வெக்கமாப் போச்சி. மறுகா அவன்ட்ட நான்தான் சொன்னன், இனி நான் அவன்ட காவல் இல்ல, கூட்டாளி எண்டு."

எனக்கு அழுகை வந்தது. வந்ததைக் காட்டவில்லை. அவர் அவன் முகத்தையும் கையையும் தன் போத்தல் தண்ணியால் கழுவினதாகவும் சொன்னார். உங்கள் ஆட்களில் கழுவாமல் அடக்குவதில்லை என்று மகன் எப்போதோ சொல்லியிருந்தானாம்.

அந்த அளவில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று விட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி விடாது. "பெட்டிய நீங்களும் தூக்கினீங்களா? எப்படித் தூக்கினீங்க, காட்டுங்க" என்றேன்.

மண்டபத்தில் கிடந்த நீள வாங்கை, நாலு பேர் இருக்கிற மரப்பலகையை, நடுவில் இழுத்து, ஒரு நுனியில் தலையணையை வைத்தேன். "இது அவன்ட தலை. இப்ப தூக்குங்க."

"நீங்க தூக்க வேணாம் உம்மா."

"இந்தக் கை ஒரு மூட்ட அரிசி தூக்கின கை. புடிங்க."

அவர் தலையணை இல்லாத நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் தலையணைப் பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு அடி நடந்தோம். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரையும் கொண்டு போறயாகா?" என்றாள். "ஒன்னத்தான், வந்து படு" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் பட்டது.

"நில்லுங்க. காலா முன்னுக்குப் போகுது?"

"ஓம் உம்மா. ஆமியில அப்படித்தான். கால்தான் முன்னுக்கு. அவனே நடந்து போற மாதிரி."

"பள்ளிவாசல் வரைக்கும்?"

"கேட் வரைக்கும். அங்க கொடியயும் தொப்பியயும் எடுத்துட்டம். மறுகா ஒங்கட ஆக்கள் வாங்கிட்டாங்க. நாங்க தூக்கின மாதிரியே அவங்களும் தோளுக்கு எடுத்தாங்க."

வாங்கை இறக்கினேன். எங்களில் மையித்தைத் தலை முன்னுக்காகத்தான் கொண்டு போவார்கள். முன்னுக்கு வருவதுதான் தலைமாடு என்று எந்த ஆண்பிள்ளையும் யோசிக்காமலே எடுப்பான். எங்கள் ஆட்கள் மையித்துத் தூக்குகிற சந்தூக்காக இருந்தால் தெரியும், துணிக்குள் உருவம் தெரியும். இது நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பலகை. தொப்பி இருந்தாலாவது தெரிந்திருக்கும், அதையும் எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் கால்மாட்டைத் தலைமாடு என்று நினைத்து வடக்கே வைத்திருப்பார்கள். என் பிள்ளை தலை தெற்கே, கால் வடக்கே. வலப்பக்கம் சரித்திருந்தால் கிப்லாவுக்கு முதுகு.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு கொடுத்தேன். வருகிற மாதம் கத்தம், கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் பஸ் ஏறினதும் சேலையை மாற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன்.

தம்பி முற்றத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வாங்க ராத்தா, இந்த வெயிலுக்குள்ள என்ன?" என்றான்.

"பெட்டிய எந்தப் பக்கமா இறக்கின நீ?"

இருபது வருடத்துக்கு முந்திய பெட்டி. எந்தப் பெட்டி என்று அவன் கேட்கவில்லை. நெல்லைத் துழாவின கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆரு சொன்ன?"

"நான் கேட்டதுக்குச் சொல்லு."

"முன்னுக்கு வந்தத தலை எண்டு எடுத்தம். வடக்க வெச்சம்." கையை நெல்லிலிருந்து எடுத்தான். "கயிறு புடிச்சி இறக்கக்குள்ள தெற்குப் பக்கம்தான் பாரம். நான் வடக்குப் பக்கம் புடிச்சவன், எனக்குப் பாரமே இல்ல. அப்பவே எனக்கு வெளங்கிட்டு ராத்தா."

"வாய் எங்க போச்சி ஒனக்கு?"

"பள்ளிய நடத்துற மரைக்கார் சுறுக்கா சுறுக்கா எண்டுறார். மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகுது. வேலியோட துவக்கோட ஆமி நிக்கிது. அந்த நேரம் பெட்டிய மேல எடுங்க, திருப்பி வைக்கணும் எண்டா, இவங்க பெட்டியத் திறக்கப் பாக்காங்க எண்டு நினைச்சி சுடுவானுகளோ எண்டு பயம். எல்லாரும் மண் போடத் தொடங்கிட்டாங்க."

"அதுக்குத்தான் கத்தத்துக்கு நீ வாறல்ல."

அவன் திரும்பவும் நெல்லைத் துழாவத் தொடங்கினான். நான் கதிரையில் இருந்தேன். அவனை அடிக்கலாம் போல இருந்தது, அவனுக்கும் அறுபது வயது. பிறகு மெல்லச் சொன்னான்.

"ஆனா ஒண்டு ராத்தா. பெட்டிய மேக்க சரிச்சித்தான் வெச்சம். ஆமிக்காரன் மல்லாக்கத்தான் படுக்க வெச்சிருப்பான், நாம சரிச்சி வெச்சா முகம் கிப்லாப் பக்கம் போகும் எண்டு தொழுவிச்ச லெப்பை சொன்னாரு. கிழக்குப் பக்கத்துக்கு அடியில மண்கட்டி குடுத்தம். நானே குடுத்தன்."

"இதையேன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"அதச் சொன்னா மத்ததயும் கேப்பீங்களே."

மறுநாள் காலையில் நான் தனியே வாங்கை எடுத்தேன். வடக்குத் தெற்காகப் போட்டு, தெற்கே தலையணை வைத்தேன். கிழக்குக் கால் இரண்டுக்கும் அடியில் செங்கல் கொடுத்தேன். வாங்கு மேற்கே சரிந்தது. தலை எந்தப் பக்கம் இருந்தாலும், மல்லாக்கக் கிடக்கிறவன் மேற்கேதான் சரிவான். வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம் சரிவான். ஆனால் முகம் கிப்லாவுக்குத்தான். கீழே குனிந்து, வாங்கின் பக்கமாக என் முகத்தையும் சரித்துப் பார்த்தேன். ஓம், சரிதான்.

சரிதான், தம்பி சொன்னது உண்மையாக இருந்தால். இருபது வருடம் மறைத்தவன், என் முகத்தைப் பார்த்ததும் ஆறுதலுக்கு ஒரு பொய் கட்டியிருக்கலாம். லெப்பை மௌத்தாகிப் பத்து வருடம். மரைக்காரும் இல்லை. அன்றைக்குக் குழியடியில் நின்றவர்களில் எனக்குத் தெரிய உயிரோடு இருக்கிறவன் தம்பிதான். பெட்டியோடு வந்த அந்த மனிதரும் வேலிக்கு வெளியே நின்றிருப்பார்.

கத்த நாள் வரைக்கும் தம்பி என் வளவுக்கு வரவில்லை. அன்றைக்குக் காலையில் மட்டும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அந்த மனிதர் வருவதற்கு முதலே தம்பியைக் குசினியில் இருத்தி, கையில் கத்தியையும் முன்னால் ஒரு சுளகு வெங்காயத்தையும் கொடுத்தேன்.

"நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வரப்படாது."

"நான் என்ன புதுப் பொண்ணா ராத்தா?"

"உரி."

அவர் பத்து மணிபோல வந்தார். ஒரு போத்தல் கித்துள் பாணி கொண்டுவந்திருந்தார். நான் அவருக்கு எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன். கிப்லா என்கிற வார்த்தையே என் வாயில் வரக் கூடாது. சரிவு என்றும் வரக் கூடாது.

"அண்டைக்கு மையவாடியில நீங்க எங்க நிண்ட?"

"வேலிக்கு வெளிய உம்மா. லொறிட மிதிபலகையில ஏறி நிண்டன். அவன் போறதக் கடைசி வரைக்கும் பாக்கணும் எண்டு."

"என்னத்தக் கண்டீங்க?"

"கயித்தில இறக்கினாங்க. ஓதினாங்க. மண் போட்டாங்க."

"அவ்வளவுதானா?"

அவர் கதிரையில் அசைந்தார். "கோவிக்க மாட்டீங்கதானே உம்மா?"

"சொல்லுங்க."

"பெட்டிய ஒழுங்கா வைக்கல்ல. கோணலா வெச்சாங்க. எனக்கு ஒரு மாதிரிப் போச்சி. சார்ஜன்ட்ட சொன்னன், வைக்கத் தெரியாம வெச்சிட்டாங்க, போய்ச் சொல்லுவமா எண்டு. 'அவங்கட மொற, நீ வாய மூடு' எண்டுட்டார். ஒங்களுக்குச் சொன்னா கவலப்படுவீங்க எண்டுதான் போன தடவ சொல்லாம விட்டன்."

குரலை மாற்றாமல் கேட்டேன்.

"கோணல் எண்டா எப்படி?"

"ஒரு பக்கம் ஒசத்தி. ஒரு ஆள் குழிக்குள்ள இறங்கி, கட்டி கட்டியா மண்ண எடுத்து அடியில வெச்சார். அந்தப் பக்கம் ஒசந்து போச்சி."

"எந்தப் பக்கம் ஒசந்த?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். கையை ஒரு தடவை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"நாங்க நிண்ட பக்கம். ரோட்டுப் பக்கம்."

எங்கள் மையவாடிக்கு ரோடு கிழக்கே. இவருக்கு அது தெரியாது. கிழக்கு எது, எங்களுக்கு மேற்கு எதற்கு என்பதும் இவருக்குத் தெரியாது. தெரியாத மனிதன் சொன்ன உண்மையை இனி யார் வந்து மாற்ற ஏலும்? நான் குசினிப் பக்கம் திரும்பித் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வெங்காயக் கண்ணோடு வந்து வாசலில் நின்றான். இவ்வளவு நேரமும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அந்த மனிதர் அவனைப் பார்த்துவிட்டு எழும்பினார். "இவர்தான் உம்மா. குழிக்குள்ள இறங்கினது இவர்தான். அப்ப தாடி இல்ல."

தம்பி, வந்தவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வெங்காயக் கத்தி இன்னும் கையில். "கத்திய வெச்சிட்டுப் புடிடா" என்று நான் சத்தம் போட வேண்டியிருந்தது.

மீதி இருந்தது மீசான் கட்டைகள். கபுறின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று நட்டிருப்பார்கள். தலைமாட்டுக் கட்டைதான் பெரியது, பேர் எழுதியது. என் மகனுடைய பேர் அவன் காலடியில் நின்றது. ஸலாம் சொல்கிறவர்கள் இத்தனை வருடமும் அவன் காலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றி நட வேண்டும் என்று பள்ளிவாசலில் போய்ச் சொன்னேன். இப்போதைய மரைக்கார் தம்பி வயதுக்காரர்.

"ராத்தா, வெளியாள் ஒருவன்ட கதைய நம்பி மையவாடியில கை வைக்கிறதா?"

"வெளியாளா? என்ட மகன்ட முகத்தக் கடைசியாக் கண்டது அவர். கழுவினது அவர். உள்ளாள் நீங்க என்னத்தக் கண்டீங்க?"

மௌலவி நடுவில் வந்து, கபுறைத் தோண்டக் கூடாது, அது முடியாது, கட்டைகள் வெறும் அடையாளம்தான், மாற்றலாம் என்றார். முகம் கிப்லாப் பக்கம் இருந்தால் அதற்கு மேல் நாங்கள் கவலைப்படத் தேவையில்லை என்றும் சொன்னார். அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டேன்.

அடுத்த கிழமை ஒரு வியாழன் காலை, தம்பியும் அந்த மனிதரும் மண்வெட்டியோடு போனார்கள். நான் ஆட்டோவில் ரோட்டில் இருந்தேன். மதிலுக்கு மேலால் இருவரின் தலையும் தெரிந்தது. இழுத்து நடக்கிறவர் குனிந்து தோண்ட ஏலாமல் நின்றார், தம்பி தோண்டினான். பெரிய கட்டையை இருவருமாகத் தூக்கித் தெற்கே கொண்டு போனார்கள். மண்ணை மிதித்து இறுக்கினார்கள். தம்பி அந்தப் புதுத் தலைமாட்டில் நின்று ஸலாம் சொன்னான், அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கட்ட நேரா நிக்குதா?" என்று கேட்டேன்.

தம்பி திரும்பிப் பார்த்து, "நேர்தான் ராத்தா" என்றான்.

அந்த மனிதரிடமும் கேட்டேன். அவர் ஒரு கண்ணை மூடி, கட்டையை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கொஞ்சம் ரோட்டுப் பக்கம் சரிவு உம்மா" என்றார்.

இருவருமாக மறுபடியும் மண்ணைக் கிளறி, கட்டையை நிமிர்த்தி மிதித்தார்கள். அவர் இப்போது சரி என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.